மேட்டு வீடும் பள்ளத்து வீடும்

வானொலி மறையுரை
திருவருகைக் காலம் இரண்டாம் ஞாயிறு, 10 டிசம்பர் 2023
வாசகங்கள்: எசாயா 40:1-5, 9-11, 2 பேதுரு 3:8-14, மாற்கு 1:1-8



இன்றைய முதல் வாசகம் ஆறுதல் என்ற சொல்லோடு தொடங்குகிறது. ஊரை இழந்து, கோவிலை இழந்து, பாபிலோனில் அடிமைகளாய்ச் சோர்ந்து கிடந்த மக்களுக்கு ஆறுதல் சொல்லும்படி கடவுள் தம் இறைவாக்கினரைப் பணிக்கிறார். இதே வாசகத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஞாயிறன்று கேட்கிறோம். ஆனால் இந்த ஆண்டு, இந்த வாரம், நம் பகுதியில் அதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், முடிச்சூர், வரதராஜபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சுற்றுச்சுவர்மேல் மெத்தைகள் காய்கின்றன. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சேறு அள்ளி அள்ளிக் கை சிவந்த தாய்மார்களைப் பார்க்கிறோம். இவர்களுக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பை இன்று திருச்சபை நம் ஒவ்வொருவருக்கும் தருகிறது.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வங்கக் கடலில் உருவான மிக்ஜாம் புயல் கடந்த ஞாயிறு, டிசம்பர் 3-ஆம் தேதி, நம் கரையை நெருங்கியது. சென்னைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் கடலிலேயே மெதுவாக நகர்ந்தது. கடந்து போயிருந்தால் சில மணி நேரத்தில் ஓய்ந்திருக்கும். அது தயங்கித் தயங்கி நகர்ந்ததால் ஞாயிறு இரவும் திங்கள் முழுவதும் கொட்டித் தீர்த்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுதளம் நீருக்குள் போனது. திங்களன்று மூடிய நிலையம் செவ்வாய் காலையில்தான் திறந்தது. அன்றே புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அது நமக்கு விட்டுச்சென்ற தண்ணீர் மட்டும் பல தெருக்களில் இன்னும் முழுதாக வடியவில்லை.

வடக்கு நாடுகளில் வாழும் கிறிஸ்தவர்களுக்குத் திருவருகைக் காலம் குளிர்காலம். இருள் சீக்கிரம் கவியும், பனி கொட்டும். சில ஆண்டுகளில் பனிப்புயல் வீசி, நாள்கணக்கில் கதவைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். அந்தப் படத்தைத்தான் நாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்து வளர்ந்தோம். நம் ஊர்க் குடிலிலும் வைக்கோல் கூரைமேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்கிறோம். ஆனால் நம் கரைக்குப் பனி கிடையாது. நமக்கு இது வடகிழக்குப் பருவமழைக் காலம். திருவருகைக் காலமும் புயல் காலமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன.

நினைத்துப் பாருங்கள். 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் முன்பு. அங்கே இடிந்து நிற்கும் ஆலயத்தின் சுவர்களைச் சுற்றுலா சென்றபோது உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2015 நவம்பர் 29 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடலின் கொந்தளிப்பால் மக்கள் கலங்குவதைப் பற்றி இயேசு பேசும் லூக்கா நற்செய்திப் பகுதியை அன்று வாசித்தோம். இரண்டே நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது, அடையாறு கரைபுரண்டது. 2016 டிசம்பர் 11, மூன்றாம் ஞாயிறு. திருமுழுக்கு யோவான் காற்றில் ஆடும் நாணல் அல்ல என்று இயேசு சொன்ன பகுதியைக் கேட்டோம். மறுநாள் வர்தா புயல் நம் தெருமரங்களை வேரோடு சாய்த்தது.

இதை அடையாளம், சகுனம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசகங்கள் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். மழைக்காலம் நமக்கு மட்டும் உரியது. ஆனால் இந்த மாதத்தில், இந்த மண்ணில் அவற்றைக் கேட்கும் காதும் நமக்கு மட்டும் உரியது. அந்தக் காதோடு இன்று கேட்போம்.

முதலில், இந்த வாரம் பலர் என்னிடம் கேட்ட கேள்வி. “சாமி, இது கடவுளின் கோபமா?” சிலர் அழுதுகொண்டு கேட்டார்கள். ஒரு சிலர், யார் செய்த பாவம் என்று கண்டுபிடித்துவிட்டவர்கள் போலவே கேட்டார்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது இதே கேள்வி எழுந்தது. இறந்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு ஏற்கவில்லை. செத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் நீங்கள் மனம் மாறுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். ஓரேபு மலையில் எலியா நின்றபோது பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று வீசியது. ஆண்டவர் அந்தக் காற்றில் இல்லை என்கிறது முதல் அரசர்கள் நூல். ஆகவே புயலுக்குள் கடவுளின் சினத்தைத் தேடாதீர்கள்.

புயல் எப்படி உருவாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். சூடான கடல்நீர் ஆவியாகி மேலே எழுகிறது. அங்கே குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றுக்கு வலு சேர்க்கிறது. கடல் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு தண்ணீரைப் புயல் சுமந்துவரும். அந்தச் சூட்டில் மனிதர் செய்த பங்கு இருக்கிறது. அதைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபர் 4-ஆம் தேதி வெளியிட்ட ‘லௌதாத்தே தேயும்’ என்ற திருத்தூது ஊக்கவுரையில் எழுதினார். துபாயில் நடக்கும் காலநிலை மாநாட்டுக்கு உடல்நலக் குறைவால் அவரால் போக முடியவில்லை. அவருடைய உரையைக் கர்தினால் பரோலின் அங்கே வாசித்தது டிசம்பர் 2-ஆம் தேதி. அதற்கு மறுநாள்தான் நமக்கு மழை தொடங்கியது. ஆக, மனமாற்றத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. அது எந்த மனமாற்றம் என்பதை இன்றைய வாசகங்களே காட்டுகின்றன.

எசாயா என்ன கேட்கிறார்? ஆண்டவருக்குப் பாலைநிலத்தில் ஒரு வழி அமைக்க வேண்டும். அதற்குப் பள்ளங்கள் நிரப்பப்பட வேண்டும், மலைகளும் குன்றுகளும் தாழ வேண்டும், கரடுமுரடானவை சமதளமாக வேண்டும். அந்தக் காலத்தில் அரசர் வரும் பாதையை ஊர் மக்கள் எல்லாரும் சேர்ந்து செப்பனிடுவார்கள். அதிலிருந்து எடுத்த உருவகம் இது. அதே குரலைத்தான் மாற்கு தம் நற்செய்தியின் தொடக்கத்தில் திருமுழுக்கு யோவானின் வாயில் வைக்கிறார்.

பள்ளத்தை நிரப்புவது! அன்புக்குரியவர்களே, தென்சென்னைப் புறநகரில் இருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளாக நாம் செய்துகொண்டிருப்பது அதுதான். ஆனால் எசாயா சொன்னபடி அல்ல.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வீடு கட்டியவர் தெருவைவிட இரண்டடி உயர்த்திக் கட்டினார். பிறகு வந்தவர் முந்தைய வெள்ளத்தைப் பார்த்து, நாலு லோடு கிராவல் அடித்து, நாலடி உயர்த்தினார். சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் தெருவே முதல் வீட்டின் வாசலைவிட மேலே போய்விட்டது. இப்போது மழைத் தண்ணீர் எங்கே போகும்? முதலில் கட்டியவரின் வீட்டுக்குள். அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். திரும்பக் கட்டக் கையில் பணம் இல்லை. பணம் இருப்பவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்குகிறார்கள். அதற்கு அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஒவ்வொருவரும் தன் வீட்டை மேடாக்குகிறோம். ஒவ்வொரு மேடும் பக்கத்தில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது.

தெருவுக்கு நடந்ததுதான் ஊருக்கும் நடந்தது. நம் பக்கத்திலுள்ள திருநீர்மலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மலையைச் சுற்றி நீர் நின்ற இடம் அது. திருமங்கையாழ்வார் வந்தபோது நீர் சூழ்ந்திருந்ததால் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து வணங்கினார் என்று நம் வைணவச் சகோதரர்களின் மரபு சொல்கிறது. தண்ணீர் நிற்கும் இடம் என்று தெரிந்து, அது வடியும்வரை மனிதர் காத்திருந்த காலம் அது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இன்றும் அந்தத் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. 2015-இல் அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்ட இரவை அனகாபுத்தூர்க் கரையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். கிழக்கே பாருங்கள்: பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே சாலை போகிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் நீரெல்லாம் போய்ச்சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அன்றிருந்ததில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. தண்ணீரின் பள்ளங்களை நிரப்பி மனைகளாக்கினோம். தண்ணீர் தன் பள்ளத்தைத் தேடிப் படுக்கையறைக்கு வருகிறது.

வேளச்சேரியில் கட்டடப் பணிக்காகத் தோண்டிய பெரிய பள்ளத்தில் மண் சரிந்து இருவர் சிக்கிக்கொண்டார்கள். நாள்கணக்காக நீரை இறைத்துத் தேடினார்கள். அவர்களின் உடல்கள் வெளியே வந்தது நேற்று முன்தினம், அமல உற்பவ அன்னையின் பெருவிழா அன்று. பிழைப்புக்காக வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காகவும், இந்த மழையில் இறந்த எல்லாருக்காகவும் இன்று உங்கள் திருப்பலியில் மன்றாடுங்கள்.

வீட்டை உயர்த்துவது பாவம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கி, தாலிச் சங்கிலியை அடகுவைத்து, பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் உயர்த்துகிறீர்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நீர்வழிகளைக் காப்பதும் வடிகால்களைச் சரியாக அமைப்பதும் ஆட்சியில் இருப்பவர்களின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை. ஆனால் ஆன்மிகமாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆயத்தமாவது என்றால் நான் மட்டும் நனையாமல் இருப்பதா? எசாயா நிரப்பச் சொன்ன பள்ளம் யாருடைய தனி மனையும் அல்ல, அது பொதுவழி. அவர் பள்ளத்தை நிரப்பச் சொல்லும்போதே குன்றையும் தாழச் சொல்கிறார். குன்று தாழாமல் பள்ளம் நிரம்பாது. சமதளம் என்பது உயரத்தில் இருப்பவரும் அசைந்துகொடுத்தால்தான் வரும்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். யூதேயா நாட்டினரும் எருசலேம் நகரினரும் யோவானிடம் சென்று, யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார்கள் என்கிறார் மாற்கு. புனித நாட்டின் நிலவியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எருசலேம் மலைமேல் இருக்கிறது, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே. யோர்தான் போய் விழுகிற சாக்கடலோ கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே. உலகத்தில் நிலத்தின் மேற்பரப்பில் அதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது. அப்படியானால் யோவானிடம் போன எருசலேம்வாசி ஒவ்வொருவரும் ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிப் போனார். மேட்டு வீட்டுக்காரர்கள் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அதுதான் ஆண்டவருக்கு வழி ஆயத்தம் செய்த முதல் கூட்டம். பிறகு யார் வந்தார்? பாவமே அறியாத இயேசு, இறங்க வேண்டிய கட்டாயமே இல்லாதவர், அதே பள்ளத்துக்கு, அதே தண்ணீருக்குள் இறங்கினார்.

ஆண்டவர் வரும் வழி கீழ்நோக்கித்தான் போகிறது. அவரைச் சந்திக்க வேண்டுமானால் நாமும் இறங்க வேண்டும்.

கடந்த ஞாயிறு கேட்ட நற்செய்தியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பயணம் போகும் வீட்டுத் தலைவர் ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டு, வாயில்காவலரை மட்டும் விழித்திருக்கச் சொல்கிறார். தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும்போதோ, விடியலிலோ தெரியாது. அதை வாசித்த அன்று இரவுதான் தண்ணீர் வந்தது. வாயில்காவலர் எதற்காக விழித்திருக்கிறார்? தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவா? அவர் விழித்திருப்பதால்தான் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆபத்து வந்தால் அவர்களை எழுப்புவது அவர் வேலை. விழிப்பு என்பது அடுத்தவருக்காகச் செய்யும் பணி.

இதே நற்செய்தி 2017-ஆம் ஆண்டும் டிசம்பர் 3-ஆம் தேதி, முதல் ஞாயிறன்று, எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது. அன்று குமரி மாவட்டத்துக் கடற்கரை ஆலயங்களில் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள்? அதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 30, மீனவராயிருந்த திருத்தூதர் அந்திரேயாவின் விழா. வலைகளை விட்டுவிட்டு இயேசுவைப் பின்சென்ற மீனவர்களைப் பற்றித் திருப்பலியில் வாசித்த அதே நாளில் ஒக்கிப் புயல் வந்தது. ஒருநாள் முன்பு தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி காலைக்குள் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆகிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை நடுக்கடலில் இருந்தவர் காதுக்கு எப்படிப் போகும்? தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தலைவனை, மகனை இழந்தன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒக்கி நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: எச்சரிக்கை வெளியானால் மட்டும் போதாது, அது யாருக்குத் தேவையோ அவரிடம் போய்ச் சேர வேண்டும். செயற்கைக்கோள் வழியாகக் கடலிலேயே செய்தி பெறும் கருவிகள் அதன் பிறகு வந்தன. நல்லது. ஆனால் தரையிலும் நடுக்கடலில் இருப்பவர்கள் உண்டு. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் காது கேட்காது. கைப்பேசியில் வந்த சிவப்பு எச்சரிக்கை அவருக்கு எட்டாது. நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலைகளில் வேலை செய்ய வந்த வடமாநிலத் தம்பிக்குத் தமிழில் சொன்ன அறிவிப்பு புரியாது. அவர்களுக்கு வாயில்காவலர் யார்?

ஒக்கியின் கதை அங்கேயே முடியவில்லை. மறு ஆண்டு, 2018 ஆகஸ்டில், கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. மலைநாட்டு ஊர்களில் மாடிகளில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் மீனவர்கள். ஒன்பது மாதங்களுக்கு முன் ஒக்கியில் தம்மவரை இழந்த கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பல்லாயிரம் பேரை அவர்கள் மீட்டார்கள். எந்த எச்சரிக்கை தங்களை எட்டவில்லையோ, அதைப் பற்றிப் புலம்பிக்கொண்டு உட்காராமல், அடுத்தவரின் வாசலுக்குத் தாங்களே போய்ச் சேர்ந்தார்கள். 2015-இல் நம் சென்னையிலும் மீனவர் படகுகள் கோட்டூர்புரம் வரை வந்ததை நாம் கண்டோம்.

அந்தக் கேரள வெள்ளத்தில் எடுத்த ஒரு காட்சி உலகமெங்கும் பரவியது. முதிய பெண்கள் ரப்பர் படகில் ஏற முடியாமல் தவித்தார்கள். மலப்புரத்தைச் சேர்ந்த ஒரு மீனவர் தண்ணீருக்குள் மண்டியிட்டுக் குனிந்து, தன் முதுகைப் படியாகக் கொடுத்தார். அவர் ஓர் இஸ்லாமியச் சகோதரர். பெண்கள் அவர் முதுகில் கால்வைத்துப் படகில் ஏறினார்கள். எசாயா சொன்ன தாழ்ந்த குன்றும் நிரம்பிய பள்ளமும் எப்படி இருக்கும் என்று என்னிடம் யாராவது கேட்டால், அந்த முதுகைத்தான் காட்டுவேன். சீடர்களின் காலடியில் குனிந்த இயேசுவும் எனக்கு அங்கே தெரிகிறார்.

இந்த வாரம் நம் தெருக்களிலும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்தோம். மாடி வீட்டுக்காரர்கள் கீழ் வீட்டுக்காரர்களைப் பாயும் தலையணையுமாக மேலே அழைத்தார்கள். எந்த மதம், எந்தச் சாதி, சொந்த வீடா வாடகை வீடா என்று அந்த இரவில் யாரும் கேட்கவில்லை. ஒரே பானையில் கஞ்சி, ஒரே மெழுகுவர்த்தி. அப்படிக் கதவைத் திறந்தவர்களே, நீங்கள் அன்று யாரை உள்ளே ஏற்றீர்கள் என்று இருபத்தைந்தாம் தேதி உங்களுக்குப் புரியும்.

வெள்ளம் வடிந்த பிறகும் நாம் அப்படியே இருப்போமா என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. தண்ணீர் வடிந்ததும் மேட்டு வீடு மேட்டு வீடாகவும் பள்ளத்து வீடு பள்ளத்து வீடாகவும் பிரிந்துபோவது நம் வழக்கம். இந்தத் திருவருகைக் காலத்தில் அது நடக்கக் கூடாது. அதற்காக நான்கு வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் அன்பியமும் இந்த வாரக் கூட்டத்தில் ஒரு பட்டியல் எழுதட்டும். நம் தெருவில் தரைத்தளத்தில் தனியாக இருப்பவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், வாரந்தோறும் டயாலிசிஸ் போகிறவர் யார், பிறந்து சில மாதமே ஆன குழந்தை எந்த வீட்டில்? கத்தோலிக்க வீடுகளை மட்டும் எழுதாதீர்கள், தெருவை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அடுத்த மழையில் அவர் கதவைத் தட்டப் போகிறவரின் பெயரையும் எழுதுங்கள். அதுதான் வாயில்காவலர் பணி. பட்டியலை ஆலய அலுவலகத்தில் ஒரு படி கொடுங்கள்.

இரண்டாவது, நேற்று தமிழக அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது. அது நியாயவிலைக் கடைகள் வழியாக வரும். வரிசையில் நிற்க முடியாதவருக்குத் துணையாகப் போங்கள். இங்கே குடும்ப அட்டை இல்லாத தொழிலாளர்களை நினையுங்கள். பெயர் பதிவு செய்யப்போன ஊரில் தங்க இடமில்லாமல் நின்ற ஒரு தச்சரையும் அவர் மனைவியையும் பற்றித்தான் இன்னும் இரண்டு வாரத்தில் பாடப் போகிறோம். இந்த ஆண்டு உங்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், கிடைக்கிற தொகையில் ஒரு பகுதியையாவது அப்படிப்பட்ட ஒருவருக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, இந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ். நட்சத்திரம் தொங்கவிடலாமா சாமி, கேக் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தொங்கவிடுங்கள், செய்யுங்கள், சோர்ந்த பிள்ளைகளுக்கு வெளிச்சமும் இனிப்பும் வேண்டும். ஆனால் புதுத் துணி எடுக்குமுன், நனைந்துபோன ஒரு பிள்ளையின் புத்தகப் பையை நினையுங்கள். அனகாபுத்தூரில் தறிக்குழிக்குள் தண்ணீர் நிற்கும் நெசவாளர் குடும்பம் மறுபடி தறியில் உட்காரும்வரை அடுப்புக்கு என்ன வழி என்று கேளுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு வீடாக வருவார்கள்; அவர்களிடம் கொடுங்கள்.

நான்காவது, தெருவின் தண்ணீர்வழி. நம் வாசலுக்கு முன்னால் உள்ள மழைநீர் வடிகாலில் குப்பை போடாமல் இருப்பது இந்தக் காலத்தின் ஒரு தவமுயற்சி. வீட்டைப் புதுப்பிக்கும்போது, நான் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்கு என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். சாலையைச் சுரண்டிவிட்டுப் போடும்படி மாநகராட்சிக்குத் தெருவே சேர்ந்து மனுக் கொடுங்கள். இதெல்லாம் செபமா என்று கேட்காதீர்கள். வழியைச் செம்மையாக்குங்கள் என்ற குரலுக்குப் பம்மலில் கொடுக்கும் பதில் இப்படித்தான் இருக்க முடியும்.

நம் கரையின் ஆலயங்களில் சில புயலிலிருந்து பிறந்தவை. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி கரையைக் காட்டியது; அந்த இடத்தில் எழுந்தது மயிலையின் பிரகாச மாதா ஆலயம் என்கிறது மரபு. கொந்தளிப்பில் சிக்கிய மாலுமிகள் அன்னையிடம் வேண்டிக் கரைசேர்ந்த இடம் வேளாங்கண்ணி என்கிறோம். அந்த அன்னையின் பிள்ளைகள் நாம். இருட்டில் தவிப்பவருக்குக் கண்ணில் படும்படி ஒரு விளக்கு எரிய வேண்டும், ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அது ஆலயத்தின் கதவாக இருக்கலாம். உங்கள் மாடிக் கதவாகவும் இருக்கலாம்.

பேதுருவின் திருமுகம் இன்று நினைவூட்டுவதுபோல, ஆண்டவரின் நாள் திருடனைப் போல வரும். அவருடைய பொறுமையோ நாம் மனம் மாறக் கிடைத்த நேரம். இந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே நமக்குக் கிடைத்திருப்பதும் அந்தப் பொறுமையின் நேரம்தான். பருவமழை இன்னும் முடியவில்லை.

செபிப்போம். ஆறுதலின் இறைவா, வீடிழந்தவர்களையும் உறவிழந்தவர்களையும் உம் தோளில் ஆட்டுக்குட்டியைப் போலத் தூக்கிக்கொள்ளும். இரவு பகலாய்ச் சேறு அள்ளும் தூய்மைப் பணியாளர்களையும், மின்கம்பத்தில் ஏறி வேலை செய்வோரையும், மீட்புப் பணியாளர்களையும் காத்தருளும். உயரத்தில் இருக்கும் எங்களை இறங்கச் செய்யும். பள்ளத்தில் இருக்கும் எங்களைத் தூக்கிவிடும். நீர் வரும்போது எங்கள் தெருவில் எல்லாரும் ஒரே தளத்தில் நின்று உம்மை வரவேற்கும் வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.